தேடுகிறவர் ஒருவர், போகவேண்டியவர் இன்னொருவர்

மனநல மருத்துவரைத் தேடும் வேலையை நம் ஊரில் பெரும்பாலும் பாதிக்கப்பட்டவர் செய்வதில்லை. அக்கா தேடுகிறார், மனைவி தேடுகிறார், பெங்களூரிலோ துபாயிலோ வேலை பார்க்கும் மகன் ராத்திரி உட்கார்ந்து கைபேசியில் தேடுகிறார். யாருக்காகத் தேடுகிறார்களோ அவருக்கு இப்படி ஒரு தேடல் நடப்பதே பல சமயம் தெரியாது. அதனால் குடும்பத்துக்கு எது வசதியோ அதுவே தேர்வாகிறது. தெரிந்தவர் கண்ணில் படாத தூரத்து ஆஸ்பத்திரி. ‘அட்மிட் பண்ணிக்குவீங்களா?’ என்று போனில் கேட்டதும் சரி என்று சொல்லும் இடம். ‘அவரைக் கூட்டிட்டு வரணும்னு இல்லை, விவரத்தைச் சொல்லுங்க, மருந்து தர்றோம்’ என்கிற இடம்.

போகிறவர் அங்கே வாய்திறந்து பேசுவாரா, அடுத்த தடவை தானாகக் கிளம்பி வருவாரா என்பது இந்தக் கணக்கில் வருவதே இல்லை. மனநல சிகிச்சை ஒரு தடவையில் முடிகிற காரியம் அல்ல. மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் நீளும். முதல் தடவை யாரையும் எப்படியாவது இழுத்துக்கொண்டு போய்விடலாம். இரண்டாவது தடவை வருவாரா என்பதுதான் கேள்வி. மருத்துவரைத் தேர்ந்தெடுக்க எனக்குத் தெரிந்த மிக நம்பகமான அளவுகோல் இதுதான்.

கூகுள் வரைபடத்தில் தெரியும் நட்சத்திரங்கள் இந்தத் துறையில் அதிகம் உதவாது. மூட்டுவலி குணமானவர் தன் பெயரைப் போட்டு நன்றி எழுதுவார். மனச்சோர்விலிருந்து மீண்டவர் அதைத் தன் பெயரில், அலுவலகத்தில் இருக்கிறவர்கள் பார்க்கும் இடத்தில் எழுதமாட்டார். எழுதுகிறவர்களில் பலர் காத்திருந்த நேரத்தைப் பற்றியும் வரவேற்பில் இருந்தவரின் பேச்சைப் பற்றியும் எழுதுகிறார்கள். அது தெரிந்துகொள்ள நல்லதுதான், ஆனால் சிகிச்சையைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. அதைவிட, உங்கள் குடும்ப மருத்துவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: ‘உங்க வீட்டில ஒருத்தருக்குன்னா யார்கிட்ட அனுப்புவீங்க?’ இந்தக் கேள்விக்கு வரும் பதில் வேறு மாதிரி இருக்கும்.

பெயரைத் தேடுவதற்கு முன்னால் யார் என்ன செய்பவர் என்று தெரியவேண்டும். இங்கேதான் அதிகப் பணமும் நாளும் வீணாகின்றன. மனநல மருத்துவர், அதாவது சைக்கியாட்ரிஸ்ட், எம்.பி.பி.எஸ். முடித்து அதன்மேல் எம்.டி. சைக்கியாட்ரி, டி.பி.எம்., அல்லது டி.என்.பி. படித்தவர். நோயைக் கண்டறிவார், மருந்து எழுதுவார், தேவைப்பட்டால் அனுமதிப்பார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மருந்து எழுதமாட்டார். உளவியல் சோதனைகள் செய்வார், முறையான பேச்சு சிகிச்சை தருவார். அவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்கவேண்டும், அதற்குச் சி.ஆர்.ஆர். எண் என்று ஒன்று உண்டு. உளவியலில் எம்.எஸ்சி. மட்டும் முடித்தவரும் ஆலோசகராக நல்ல வேலை செய்யலாம், ஆனால் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று பலகை வைக்க முடியாது. வார இறுதி வகுப்பில் சான்றிதழ் வாங்கிக்கொண்டு ‘மைண்ட் தெரபிஸ்ட்’ என்று போட்டுக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ இருப்பது எதையும் உறுதிப்படுத்தாது. அது முனைவர் பட்டமாக இருக்கலாம், காசு கொடுத்து வாங்கிய கௌரவப் பட்டமாகவும் இருக்கலாம். மருத்துவரின் பதிவு எண்ணைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலிலும் தேசிய மருத்துவ ஆணையத்தின் பதிவேட்டிலும் பார்க்கலாம். உளவியலாளரின் எண்ணை மறுவாழ்வு கவுன்சிலின் தளத்தில் பார்க்கலாம். சில நிமிட வேலைதான். எண்ணைக் கேட்டதும் கோபப்படுகிறவரிடம் போகவேண்டாம்.

இதில் சேராத இன்னொருவர் நரம்பியல் மருத்துவர். ‘நரம்புத் தளர்ச்சி’ என்று சொல்லிக்கொண்டு அவரிடம் போவது எளிது, ஊரில் கேட்கிறவர்களுக்குச் சொல்லவும் கூச்சமில்லை. வலிப்பு, பக்கவாதம், கைநடுக்கம், மறதி நோய் ஆகியவற்றுக்கு அவர்தான் சரி. பதற்றத்துக்கும் சந்தேகத்துக்கும் அவரிடம் போனால் ஸ்கேன் எடுப்பார்கள், சத்து மாத்திரையோடு திரும்பி வருவீர்கள், நோய் அங்கேயே இருக்கும்.

எந்தத் தொந்தரவுக்கு யார் என்பதற்கு ஒரு வழி இருக்கிறது. காதில் குரல் கேட்பது, யாரோ பின்தொடர்கிறார்கள் என்ற உறுதியான நம்பிக்கை, நாள்கணக்கில் தூங்காமலே களைப்பின்றிப் பேசிக்கொண்டும் செலவழித்துக்கொண்டும் இருப்பது, சாப்பாட்டை நிறுத்துவது, சாகவேண்டும் என்ற பேச்சு: இவற்றில் எது இருந்தாலும் முதலில் மனநல மருத்துவர். ஆலோசனையில் தொடங்கி நாளைக் கடத்தக்கூடாது. இழப்பு, திருமணச் சிக்கல், படிப்பு நெருக்கடி, கோபத்தைக் கையாளத் தெரியாதது ஆகியவற்றுக்கு உளவியலாளரிடமிருந்தோ ஆலோசகரிடமிருந்தோ தொடங்கலாம். வேண்டாத எண்ணமும் கை கழுவுவது போன்ற செயலும் திரும்பத் திரும்ப வரும் ஓ.சி.டி.க்குப் பெரும்பாலும் மனநல மருத்துவரும் உளவியலாளரும் இருவரும் வேண்டும். அங்கே உளவியலாளரிடம் ‘ஈ.ஆர்.பி. செய்வீர்களா?’ என்று கேட்டே ஆகவேண்டும். அழுக்கு என்று பயப்படும் பொருளைத் தொடவைத்து, கை கழுவாமல் இருக்கப் படிப்படியாகப் பழக்கும் முறை அது. அதைச் செய்யாமல் வாரம் ஒருமுறை ஆறுதல் மட்டும் சொன்னால், நோயாளி அங்கும் ‘கை சுத்தமா இருக்கா?’ என்று கேட்டு உறுதி வாங்கிக்கொண்டு வருவார், அந்தப் பழக்கம் இன்னும் வேரூன்றும்.

அறுபதைத் தாண்டிய ஒருவர் ஒன்றிரண்டு நாளுக்குள் திடீரென்று ஆள் அடையாளம் தெரியாமல் பேசினால் மனநல மருத்துவரைத் தேட உட்காரவேண்டாம். சிறுநீர்த் தொற்று, உப்புச் சத்துக் குறைவு, சர்க்கரை தாழ்ந்துபோவது என்று உடம்பில்தான் காரணம் இருக்கும். அது பொது ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போகவேண்டிய கேஸ்.

குடி பற்றித் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் குடும்பங்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. தினமும் நிறையக் குடித்தவர் ஒரேயடியாக நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் கடுமையான மனக்குழப்பம் வரலாம்; சிகிச்சை இல்லாமல் விட்டால் அது உயிரையே எடுக்கும். அந்த நாட்களில் நடுக்கத்தைத் தணிக்கும் மருந்தும் தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் ஒரு மருத்துவரின் கண்காணிப்பும் வேண்டும். இவை எதுவும் இல்லாமல் ஒரு வாடகை வீட்டைப் பூட்டி ‘மறுவாழ்வு மையம்’ நடத்துகிறவர்கள் உண்டு. வண்டியோடு நாலு பேரை அனுப்பி ஆளைத் தூக்கிக்கொண்டு போவதையே ஒரு சேவையாகச் சொல்வார்கள். சேர்ப்பதற்கு முன் மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றை நேரில் பாருங்கள். மருத்துவர் எந்த நாள் எத்தனை மணிக்கு வருவார், இரவில் வலிப்பு வந்தால் எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவீர்கள், வீட்டார் எந்தக் கிழமை நேரில் பார்க்கலாம் என்று கேளுங்கள். ‘முதல் மாசம் பார்க்கவே கூடாது, போனும் பேசக்கூடாது’ என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

அரசு வழியைப் பலர் தேடலிலேயே சேர்ப்பதில்லை. அது நியாயமில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் பார்க்கிறார்கள், குறிப்பிட்ட நாட்களில் வட்ட மருத்துவமனைகளுக்கும் வருகிறார்கள். சென்னையில் 1794-இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் பெயர் கேலிப்பேச்சாகிப்போனதால், புறநோயாளியாகப் போய் மருந்து வாங்கி வரலாம் என்பதே பலருக்குத் தோன்றுவதில்லை. அரசு இடத்தின் பலம், மருந்து இலவசம் என்பதும் நீண்டகால நோயை விட்டுவிடாமல் பார்ப்பார்கள் என்பதும். பலவீனம் நேரம், கூட்டமான ஓ.பி.யில் ஒருவருக்குச் சில நிமிடங்களே கிடைக்கும். அதைச் சமாளிக்க ஒரு வழி உண்டு. முதல் நாள் பார்த்த மருத்துவருக்கு எந்தக் கிழமை ஓ.பி. என்று கேட்டு, அட்டையில் எழுதிக்கொண்டு அதே கிழமையில் போங்கள். ஒவ்வொரு முறையும் வேறொருவரிடம் முதலிலிருந்து கதை சொல்லும் அலுப்புத்தான் பலரைப் பாதியில் நிறுத்துகிறது. மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரீனியா) நோய்க்கு 1984 முதல் சென்னையில் இயங்கும் ஸ்கார்ஃப் நிறுவனமும் ஒரு நல்ல வழி.

எங்கே தொடங்குவதென்றே தெரியாவிட்டால் 14416. மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் அது. இருபத்துநாலு மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. குடும்பத்தாரும் கூப்பிட்டு விவரம் சொல்லி, பக்கத்தில் எங்கே போகலாம் என்று கேட்கலாம். தற்கொலை எண்ணம் உள்ளவரைத் தனியே விடாமல், பூச்சிமருந்து, மாத்திரைகள் போன்றவற்றை வீட்டிலிருந்து அப்புறப்படுத்திவிட்டு, கூடவே உட்கார்ந்து இந்த எண்ணைக் கூப்பிடுங்கள். ஏற்கனவே ஏதாவது செய்துகொண்டிருந்தால் 108, நேராக அவசரப் பிரிவு. வழக்கு வந்துவிடும் என்று பயந்து மறைக்கவேண்டாம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது.

பெயர் ஒன்று கையில் கிடைத்ததும், நேரம் வாங்குவதற்கு முன் போனில் சில கேள்விகள். முதல் சந்திப்புக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவார்? முப்பது நிமிடத்துக்குக் குறையாமல் இருந்தால் நல்லது. அடுத்த சந்திப்புக்கும் அதே கட்டணமா? கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் அங்கேயே இருக்கிறாரா? மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் போனால் யாரைக் கூப்பிடுவது? இந்தக் கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் உள்ள இடத்தை நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். பேச்சு சிகிச்சை என்றால் மொழியும் முக்கியம். ஆங்கிலத்தில் மட்டும் சரளமாகப் பேசும் உளவியலாளரிடம் ஒரு மாமியார் சொன்ன சொல் எங்கே குத்தியது என்பதை விளக்கவே அரை மணி நேரம் போய்விடும்.

கையில் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போங்கள். ‘ரொம்ப மோசமா இருக்கான்’ என்ற வாக்கியம் மருத்துவருக்கு எதையும் தராது. ‘மூன்று வாரமாக விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்துவிடுகிறான், மறுபடி தூங்குவதில்லை, பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை, பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டிருக்கிறான், கிரிக்கெட் ஓடினாலும் டி.வி. பக்கம் திரும்புவதில்லை, சாயங்காலம் கொஞ்சம் தெளிவாக இருக்கிறான்’ என்று எழுதினால் பாதி நோயறிதல் முடிந்த மாதிரி. எப்போது தொடங்கியது, இதற்கு முன் இப்படி வந்ததா, எப்போதாவது அளவுக்கு மீறிய உற்சாகத்தில் இருந்தாரா, ரத்த உறவில் யாருக்காவது இருந்ததா, குடி, புகை, கஞ்சா உண்டா, வேறு நோய்க்கு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். பழைய மாத்திரையின் அட்டையையே எடுத்துப் போங்கள். ‘வெள்ளைக் கலர், சின்னதா இருக்கும்’ என்றால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. தைராய்டு சோதனை செய்திருந்தால் அந்தத் தாளும் வேண்டும், தைராய்டு குறைவு மனச்சோர்வு போலவே தோன்றும். பெண்கள் கர்ப்பமாக இருந்தாலும், கர்ப்பம் தரிக்கத் திட்டமிருந்தாலும் கேட்காமலே சொல்லிவிடவேண்டும். இருமுனை நோய்க்கும் வலிப்புக்கும் தரும் வால்ப்ரோயேட் போன்ற மருந்து கருவைக் கடுமையாகப் பாதிக்கும்.

எழுதிய தாளை மருத்துவரிடம் கொடுத்துவிட்டு, நீங்கள் பேச்சை நிறுத்திக்கொள்ளவேண்டும். இது கஷ்டம்தான். மாதக்கணக்கில் தூங்காமல் பார்த்துக்கொண்டவருக்குச் சொல்ல நிறைய இருக்கும். ஆனால் அறைக்குள் குடும்பமே பேசி, பாதிக்கப்பட்டவர் மேஜையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்துவிட்டு வெளியே வந்தால், அந்த மருத்துவர் அவருக்கு உங்களுடைய ஆள். நல்ல மருத்துவர் ஒரு கட்டத்தில் ‘நீங்க கொஞ்சம் வெளியில இருங்க’ என்பார். நோயாளியிடம் தனியாகப் பேசுவார், சாகவேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேரடியாகக் கேட்பார். அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. மனச்சோர்வுக்கு மாத்திரை தொடங்குவதற்கு முன், அளவுமீறிய உற்சாகக் காலம் எப்போதாவது இருந்ததா என்று கேட்கிறாரா என்று கவனியுங்கள். சோர்வும் அளவுமீறிய உற்சாகமும் மாறி மாறி வரும் இருமுனை நோய் உள்ளவருக்கு அந்த மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால் எதிர்முனைக்குத் தள்ளிவிடலாம். என்ன மருந்து, எதற்கு, எப்போது வேலை செய்யும், முதல் வாரம் என்ன தொந்தரவு வரலாம் என்று நோயாளியின் முகத்தைப் பார்த்துச் சொல்கிறாரா? இரண்டு மூன்று வாரத்தில் திரும்ப வரச் சொல்கிறாரா?

விலகவேண்டிய அறிகுறிகளும் உண்டு. பெயர் இல்லாத பொட்டலத்தில் மாத்திரை தருவது. இத்தனை நாளில் முழுக் குணம் என்று உத்தரவாதம் தருவது. முதல் நாளே காரணம் சொல்லாமல் ஐந்தாறு மருந்து எழுதுவது. அல்ப்ராசோலம், குளோனசிபாம் மாதிரி மாத்திரையை மட்டும் மாதக்கணக்கில் நீட்டிக்கொண்டே போவது. அவை தூங்கவைக்கும், பதற்றத்தை அன்றைக்கு அடக்கும். நாள்பட்டால் உடம்பு அவற்றுக்குப் பழகிவிடும், பிறகு விடுவது பெரும்பாடு.

சரியான மருத்துவரிடம் போயும் தோற்பது பெரும்பாலும் முதல் வாரத்தில் நடக்கிறது. மனச்சோர்வு மாத்திரைகள் பலன் காட்ட இரண்டிலிருந்து நாலு வாரமாகும், முழுப் பலனுக்கு இன்னும் சில வாரம். பக்கவிளைவோ முதல் நாளே வந்துவிடும்: குமட்டல், படபடப்பு, தூக்கத்தில் மாற்றம். நாலாம் நாள் ‘இந்த டாக்டர் சரியில்லை’ என்று நிறுத்திவிட்டு அடுத்தவரிடம் போகிறார்கள். அவர் வேறொன்றைத் தொடங்குகிறார், மறுபடி முதல் நாள். மூன்று மருத்துவரைப் பார்த்த பிறகும் ஒரு மருந்தைக்கூட அதன் முழு அளவில், முழுக் காலத்துக்கு முயன்றிருக்கமாட்டார்கள். தொந்தரவு இருந்தால் நிறுத்தாமல் கூப்பிட்டுச் சொல்லுங்கள். பாதி அளவிலிருந்து தொடங்கலாம், நேரத்தை மாற்றலாம். குணமானதும் உடனே நிறுத்துவதும் இதே தவறின் இன்னொரு முகம். முதல் தடவை வந்த மனச்சோர்வுக்கே, நன்றாகிவிட்ட பிறகு ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடரவேண்டியிருக்கும். பேச்சு சிகிச்சைக்கு நாலு அமர்வு கொடுத்துப் பார்க்கலாம். அதற்குள் எதை நோக்கிப் போகிறோம் என்று இருவருக்கும் தெரிந்திருக்கவேண்டும்.

வரவே மாட்டேன் என்கிறவரை என்ன செய்வது? சாப்பாட்டில் மருந்து கலப்பதை நான் ஏற்கமாட்டேன், குடும்பத்தின் தவிப்பு புரிந்தும்தான். சாம்பாரில் கலந்த சொட்டு மருந்தில் எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது. கழுத்து ஒருபக்கம் இழுத்துக்கொண்டாலோ நாக்கு தடித்தாலோ அவருக்குக் காரணம் தெரியாது. ‘எனக்கு விஷம் வைக்கிறார்கள்’ என்று சந்தேகப்படுகிறவருக்கு ஒருநாள் அது தெரியவரும்போது, அவர் சொன்னது உண்மையாகிவிடும். பிறகு வீட்டில் எதையும் சாப்பிடமாட்டார். அதற்குப் பதிலாக, அவரே ஒப்புக்கொள்ளும் தொந்தரவைப் பிடித்துக்கொள்ளுங்கள். ‘உனக்கு மனநோய்’ என்றால் வரமாட்டார். ‘பத்து நாளா தூக்கமே இல்லைன்னு சொன்னியே, அதுக்கு ஒருத்தரைப் பார்க்கலாம்’ என்றால் வரலாம். அதுவும் முடியாவிட்டால் முதலில் நீங்கள் மட்டும் போய் ஆலோசனை கேளுங்கள், மருந்துக்காக அல்லாமல், எப்படிப் பேசுவது என்பதற்காக. அவருக்கோ மற்றவருக்கோ ஆபத்து என்ற நிலை வந்தால், மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 89-ஆவது பிரிவுப்படி, அவருடைய நியமனப் பிரதிநிதியின் (அவர் சார்பில் முடிவெடுக்கச் சட்டம் ஏற்கும் நபரின்) விண்ணப்பத்தின் பேரில் அனுமதிக்க வழி இருக்கிறது. ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு தகுதியுள்ளவரும் தனித்தனியே பரிசோதிக்கவேண்டும். முப்பது நாள்வரை வைத்திருக்கலாம்.

கோயிலுக்கோ தர்காவுக்கோ போவதைக் குடும்பம் விரும்பினால் அதோடு சண்டை போடவேண்டியதில்லை, மாத்திரை நிற்காமல் இருந்தால் போதும். கட்டிவைக்கும் இடத்தில் மட்டும் யாரையும் விடக்கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று, தர்காவுக்குப் பெயர்பெற்ற ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் இருந்த 28 பேர் ஓடமுடியாமல் இறந்தார்கள்.

செலவு விஷயத்தில் இரண்டு செய்திகள். சட்டத்தின் 21-ஆவது பிரிவு, உடல் நோய்க்கு உள்ளதுபோலவே மனநோய்க்கும் காப்பீடு தரவேண்டும் என்கிறது. ஆனால் பெரும்பாலான பாலிசிகள் மருத்துவமனையில் அனுமதித்தால்தான் பணம் தரும், வெளிநோயாளிக் கட்டணத்தைத் தராது. பாலிசி எடுக்கும்போது பழைய சிகிச்சையை மறைத்தால் பின்னால் கோரிக்கையை நிராகரிக்க அதுவே காரணமாகிவிடும். அலுவலகத்துக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயத்துக்கு 23-ஆவது பிரிவில் பதில் இருக்கிறது. சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைப்பது மருத்துவரின் கடமை.

இணையவழி ஆலோசனை, சிறு ஊரில் இருப்பவர்களுக்கும் தமிழ் பேசும் உளவியலாளரை வெளிமாநிலத்திலிருந்து தேடுபவர்களுக்கும் நல்ல வழி. 2020-இல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதலின்படி மருத்துவர் தன் பதிவு எண்ணைக் காட்டவேண்டும். அல்ப்ராசோலம் போன்றவற்றை அதில் எழுதித்தர முடியாது. எழுதித்தருகிறேன் என்பவரிடம் போகாதீர்கள். செயலிகளில் ‘கேட்பவர்’ என்ற பெயரில் வருகிறவர் யார், என்ன படித்தார் என்று முதல் நிமிடத்திலேயே கேளுங்கள்.

மருத்துவரை மாற்றுவது துரோகம் அல்ல. போதிய காலம் கொடுத்தும் பேச்சு ஒட்டவில்லை, கேள்விக்குப் பதில் இல்லை என்றால் மாற்றலாம். மாற்றும் முறைதான் முக்கியம். சிகிச்சைக் குறிப்பை எழுதிக் கேளுங்கள். தன் மருத்துவப் பதிவுகளைப் பெறும் உரிமை நோயாளிக்கு அதே சட்டத்தின் 25-ஆவது பிரிவில் இருக்கிறது. எந்த மருந்து, எந்த அளவில், எத்தனை வாரம், ஏன் நிறுத்தப்பட்டது என்ற நாலு விவரமும் அதில் இருக்கவேண்டும். இருமுனை நோய்க்கு லித்தியம் சாப்பிடுகிறவர் கடைசி ரத்த அளவு, சிறுநீரகம், தைராய்டு சோதனைத் தாள்களைச் சேர்த்துக்கொள்ளட்டும். புதிய இடத்தில் அளவு பார்க்கச் சொன்னால் இரவு மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன்னால் ரத்தம் கொடுக்கவேண்டும். பழைய இடத்தை விட்டுவிட்டோம் என்று பழைய மாத்திரையையும் அன்றே விடக்கூடாது. புதியவரின் தேதி தள்ளிப்போகும் என்று எண்ணி, கையில் கூடுதலாக ஒரு வார மாத்திரை இருக்கும்படி முன்கூட்டியே சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.